கவுனிக் கஞ்சி குடித்த இரண்டு வருஷம்

முதலில் வந்தது நுரை. என் கணவர் போய் வந்த பிறகு கழிவறையில் தண்ணீர் ஊற்றினால், சோப்புப் பொடியைக் கொட்டியது போல வெள்ளையாக நுரைத்து நின்றது. இரண்டாவது வாளிக்கும் போகவில்லை. புதிதாக வாங்கிய கழுவும் பொடியைத்தான் நான் சந்தேகப்பட்டேன். கடைக்காரரிடம் போய்ச் சண்டைகூடப் போட்டேன். அவர் பாவம், பழைய பொடியையே மாற்றிக் கொடுத்தார். நுரை மாறவில்லை.

அடுத்தது கால். சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. சேற்றிலிருந்து ஏறி வந்து கால் கழுவி உட்கார்ந்தவரைப் பார்த்தேன். இரண்டு கணுக்காலும் உப்பியிருந்தன. விரலால் அழுத்தினேன். குழி விழுந்தது, விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. நாளெல்லாம் சேற்றில் நின்றால் கால் வீங்காமல் என்ன செய்யும் என்றார். நானும் விவசாயி வீட்டில் பிறந்தவள்தான். சேற்றில் நின்ற கால் ஊறிச் சுருங்கும், இப்படிப் பிதுங்கி நிற்காது.

சர்க்கரை நோயோடு இருப்பவர்களுக்கும் அவர்களுக்குச் சமைத்துப் போடுபவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவம் படித்தவள் அல்ல. திருவாரூர் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கிளை அஞ்சலகம் பார்க்கிறேன். மருத்துவச் சொற்களை எல்லாம் இந்த வயதில், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டேன். எங்கேயாவது தவறாகச் சொல்லியிருந்தால் உங்கள் டாக்டரிடம் கேட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள்.

நுரைக்கு முன்பு நடந்ததைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

அவர் பெயர் கலியமூர்த்தி. ஒன்பது மா நிலம் (ஏறக்குறைய மூன்று ஏக்கர்), அதில் பாதிக்கு மேல் கருப்புக் கவுனி. பாரம்பரிய நெல் போடுகிறவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து குழுவாக வைத்திருந்தார்கள். அரிசியைக் கிலோப் பைகளில் கட்டித் தஞ்சாவூர் வாரச் சந்தைக்குக் கொண்டுபோவார்கள். சர்க்கரை அவருக்குப் பல வருஷமாக உண்டு. மாத்திரை போடுவார், மறப்பார், திட்டினால் போடுவார். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இதே கதைதான் என்பதால் நானும் பெரிதாக மிரளவில்லை.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை முகாம் நடந்த ஒரு நாள், பர்வீன் என்ற பெண் வந்திருந்தாள். நாகூரில் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண், பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்தில் ஆக்சிஜனேற்றத் தடுப்பு நொதிகள் எப்படி வேலை செய்கின்றன என்பது அவள் ஆராய்ச்சி. (நொதி என்றால் உடம்பில் ஒரு குறிப்பிட்ட வேலையை நடத்திக்கொடுக்கும் புரதம்.) ஒப்புக்கொண்டவர்களிடம் ரத்தம் எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்து வேகமாகக் கிளம்பிவிட்டாள். தாமதித்தால் நொதி செத்துவிடும், அளவு தப்பிவிடும் என்றாள்.

அப்படிப்பட்ட ஆராய்ச்சியில் தனித்தனி ஆளுக்கு முடிவு சொல்ல மாட்டார்களாம். என் கணவர் விடவில்லை. அவள் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு, என் ரத்தம் என்ன சொல்லுது பாப்பா என்று வாரா வாரம் போன் போட்டார். கடைசியில் அவளே ஒரு நாள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். நாம் மூச்சு விடுவதிலும் சாப்பிட்டது எரிவதிலும் உடம்புக்குள் சில முரட்டு மூலக்கூறுகள் உண்டாகின்றன. அவை கண்டதையும் அரிக்கும். அதைத் தடுக்க உடம்பே மூன்று நொதிகளை வைத்திருக்கிறது: சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூடேஸ், கேட்டலேஸ், குளுட்டாதயோன் பெராக்சிடேஸ். (பெயர்கள் வாயில் நுழையாவிட்டால் கவலை வேண்டாம், எனக்கும் நுழைய நாளாயிற்று.) ரத்தத்தில் சர்க்கரை வருஷக்கணக்கில் ஏறிக் கிடந்தால் முரட்டு மூலக்கூறுகள் பெருகும். அதோடு சர்க்கரை இந்த நொதிகளின் மேலேயே ஒட்டிக்கொண்டு அவற்றைச் செயலிழக்கச் செய்துவிடும். நொதி இருக்கும், ஆனால் வேலை நடக்காது. அவள் அளந்தது எண்ணிக்கையை அல்ல, வேலையை. என் கணவரிடம் அந்த வேலை மிகவும் குறைந்து போயிருந்தது.

ஆள் பற்றாக்குறை என்றால் ஆள் விட்டால் சரியாகிவிடும்தானே என்று இவர் கேட்டார். வாய்க்கால் கரை உடைப்பை மனதில் வைத்துத்தான் கேட்டார். பர்வீனும் அதையே பிடித்துக்கொண்டு பதில் சொன்னாள்.

"வெள்ளம் கொறையாம எத்தன ஆள் விட்டாலும் அடைக்க முடியாதுங்க ஐயா. மொதல்ல தண்ணிய கொறைக்கணும். சக்கரையக் கொறைங்க. மாத்திரைய விடாதீங்க. யூரின்ல புரோட்டீன் போவுதான்னு ஒரு டெஸ்ட் எடுத்துருங்க, அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

நானும் அங்கேதான் இருந்தேன், ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது. அந்தத் தடுப்பு நொதிகளுக்கு அவள் சொன்ன ஆங்கிலப் பெயரில் இவர் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல். ஆன்டி ஆக்சிடன்ட்.

அந்தச் சொல் எங்கள் வீட்டுக்கு ஏற்கெனவே தெரிந்த விருந்தாளி. குழு விற்கும் கவுனிப் பையின் மேல் பச்சை எழுத்தில் அதைத்தான் அச்சடித்திருந்தார்கள்: ஆன்டி ஆக்சிடன்ட் நிறைந்தது, சர்க்கரை நோயாளிகளுக்கு உகந்தது. அச்சகத்தில் வாசகம் கேட்டபோது எழுதிக் கொடுத்தவரே இவர்தான். பட்டணத்து ஆட்கள் கார் போட்டு வந்து வாங்கிப்போகும் மருந்து நம் பத்தாயத்திலேயே கிடக்கிறது, இத்தனை நாள் அதை விற்றுவிட்டுக் கடை அரிசியைத் தின்றிருக்கிறோம் என்று தலையில் அடித்துக்கொண்டார்.

கவுனியின் கருப்பு நிறத்தில் அப்படிப்பட்ட சத்து இருப்பது உண்மைதான் என்று பர்வீனே பின்னால் சொன்னாள். ஆனால் அது வேறு, உடம்பு தானே செய்துகொள்ளும் நொதி வேறு. ஒன்றைத் தின்று மற்றொன்றை நிரப்ப முடியாது. அதைவிட முக்கியமானது, கவுனியும் அரிசிதான். எந்த நிறமாக இருந்தாலும் அரிசி வயிற்றுக்குள் போனால் சர்க்கரையாகத்தான் ஆகும்; சற்று மெதுவாக ஆகும், அவ்வளவே. நெல்லையே வாழ்க்கையாகக் கொண்ட ஊரில் இதை நம்பச் சொல்வது கஷ்டம். சர்க்கரைக்கு மருந்தாகச் சோற்றைத் தின்னும் மனிதன் காவிரிப் படுகையில் மட்டும்தான் இருப்பான் என்று நான் அப்போதே சொன்னேன். அவர் சிரித்தார், அவருக்குக் கோபம் வராது.

காலையில் கவுனிக் கஞ்சி, அதில் நாட்டுச் சர்க்கரை. வெள்ளைச் சர்க்கரைதான் கெடுதல், நாட்டுச் சர்க்கரை ஒன்றும் செய்யாது என்பது அவர் கட்சி. மத்தியானம் கவுனிச் சோறு. உகந்தது என்பதால் ஒரு பிடி கூடுதல். சாயங்காலம் தேங்காய்ப்பூ போட்டுக் கவுனிப் புட்டு. தனியாக எதற்கு இரண்டு உலை என்று நானும் அதையே சாப்பிட்டேன். மாத்திரையை முதலில் பாதியாக்கினார். பிறகு பாதியையும் விட்டார்.

நான் சண்டை போட்டேன். சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். ஆனால் அவரிடம் சாட்சி இருந்தது. வீட்டில் விரலைக் குத்திப் பார்க்கும் கருவியில் காலை வெறும் வயிற்றுச் சர்க்கரை இறங்கிக்கொண்டே வந்தது. மாத்திரை இல்லாமல் இறங்கியது. சந்தையில் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொன்னார்.

இரண்டாம் வருஷக் கடைசியில்தான் நுரையும் கால் வீக்கமும். அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை, வாயில் இரும்பை வைத்தது போல ஒரு ருசி என்றார். வரப்பில் நடந்து வருவதற்குள் மூச்சு வாங்கியது. தஞ்சாவூருக்குக் கூட்டிப் போனேன்.

சிறுநீரக மருத்துவர் நடுவயதுப் பெண்மணி, அதிகம் பேசாதவர். கிரியாட்டினின் (தசைகள் வேலை செய்வதில் உண்டாகும் கழிவு, நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும்) இருக்க வேண்டியதைப் போலப் பல மடங்கு இருந்தது. ஸ்கேனில் இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கியிருந்தன. சுருங்கியது திரும்ப விரியாது என்றார்.

இவர் விடவில்லை. சர்க்கரை நன்றாக இறங்கிவிட்டதே டாக்டர் என்று கருவியை எடுத்துக் காட்டினார். டாக்டர் அதை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை.

"அது நல்லதுக்கு எறங்கலங்க ஐயா. கிட்னி கெட்டுப்போனா உடம்புல இன்சுலின் சீக்கிரம் வெளிய போவாது, அப்படியே தங்கும். அதனால சுகர் தானா எறங்கும். நீங்க குணமாவுதுன்னு நெனச்சது, கிட்னி போறதோட அறிகுறி."

இன்சுலின் என்பது சர்க்கரையை இறக்கும் சுரப்பு என்பதை இதைப் படிக்கும் நீங்கள் அறிவீர்கள். அதை உடைத்து வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்கும் பங்கு உண்டு என்பது எனக்கு அன்றுதான் தெரியும். என் கணவர் கருவியை மெதுவாகச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அந்தக் கையைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. இரண்டு வருஷச் சண்டையில் நான் ஜெயித்திருந்தேன். இப்படி ஒரு ஜெயம் எந்தப் பெண்ணுக்கும் வேண்டாம்.

கவுனிதான் கெடுத்ததா என்று நான் தனியாகக் கேட்டேன். அரிசி மட்டும் காரணம் இல்லை என்றார் டாக்டர். பல வருஷச் சர்க்கரை, கவனிக்காத ரத்த அழுத்தம், அதற்கு மேல் மாத்திரை இல்லாத இந்த இரண்டு வருஷம். பர்வீன் சொன்ன சிறுநீர்ப் பரிசோதனையை அப்போதே எடுத்திருந்தால் இழுத்துப் பிடித்திருக்கலாம். எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டேன். அதைச் சொல்ல முடியாது என்றார்.

அதற்குப் பிறகு சொன்னதுதான் இவரை உடைத்தது. தீட்டாத அரிசி கூடாது. கவுனி கூடவே கூடாது. அதில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் (சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய உப்புகள்) அதிகம். நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசியை ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, கஞ்சியை வடித்துக் கொட்டிவிட்டுச் சாப்பிட வேண்டும். தீட்டிய அரிசியைச் சக்கை என்று ஊரெல்லாம் பேசித் திரிந்தவர், இப்போது அந்தச் சக்கையைத்தான் தின்ன வேண்டும். ஊருக்கு வந்ததும் மீதமிருந்த பைகளை எடுத்து வைத்துக்கொண்டு, மார்க்கர் பேனாவால் பச்சை எழுத்தை ஒவ்வொன்றாக அடித்தார். குழுவில் ஒருவர் கேட்டதற்கு, அரிசியை அரிசி என்று சொல்லி விற்போம் என்றார்.

டயாலிசிஸ் தொடங்கியது. (இயந்திரம் ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி உள்ளே அனுப்பும்.) இடது கையில் ஃபிஸ்டுலா வைத்தார்கள், ரத்தக் குழாய் இரண்டை இணைத்து, ஊசி போடத் தோதாகப் பெரிதாக்கும் அறுவைச் சிகிச்சை. அதன் மேல் கை வைத்தால் தூரத்தில் மோட்டார் ஓடுவது போல அதிரும். அது அதிர்கிறதா என்று தினமும் காலையில் தொட்டுப் பார்க்க வேண்டும், நின்றுபோனால் உடனே வர வேண்டும் என்றார்கள். காலையில் எழுந்ததும் சாமி படத்தைப் பார்ப்பவள் நான். இப்போது அந்தக் கையைத்தான் முதலில் தொடுகிறேன்.

வாரத்தில் மூன்று நாள் தஞ்சாவூர். எங்களுக்குத் திங்கள், செவ்வாய் எல்லாம் போய்விட்டன. இயந்திர நாள், மறுநாள் என்று இரண்டு வகை நாட்கள்தான் உண்டு. இயந்திர நாளில் அவர் பிழிந்து போட்ட துணியாகக் கிடப்பார். மறுநாள் கொஞ்சம் மனிதராவார், வயலைப் போய்ப் பார்ப்பார். பக்கத்துப் படுக்கைக்காரர் ஒரு நாள் வரவில்லையென்றால் அந்த வார்டில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. கேட்கக் கூடாது என்று யாரும் சொல்லித் தரவும் இல்லை.

பர்வீன் பார்க்க வந்தாள். வந்து உட்கார்ந்தவள், நான் அந்த முடிவைச் சொல்லியிருக்கக் கூடாது என்று அழுதுவிட்டாள். எனக்கும் அவள் மேல் கோபம் இருந்தது, ஒளிப்பானேன். அந்த ஒரு சொல்லைக் கொண்டுவந்து போடாமல் இருந்திருந்தால் என்று பல முறை நினைத்திருக்கிறேன். இவர்தான் அவளைத் தேற்றினார்.

"நீ முழுசாத்தான் சொன்னம்மா. நான் எனக்குப் புடிச்சத மட்டும் எடுத்துக்கிட்டேன்."

இப்போது என் ரத்தத்தை அளந்தால் எப்படி இருக்கும் என்றும் கேட்டார். அவள் மறைக்கவில்லை. இன்னும் குறைந்திருக்கும், ரத்தம் இயந்திரத்தில் சுற்றி வரும்போதும் அந்த அரிப்பு கூடத்தான் செய்யும் என்றாள். உயிரைக் காப்பதே உடம்பைத் தேய்க்கவும் செய்கிறது. இதைக் கேட்டுக்கொண்டு அவர் தலையை ஆட்டிய விதம், நிலவரி ஏறிவிட்டது என்று கேட்டவர் ஆட்டுவது போல இருந்தது.

இதையெல்லாம்விடக் கொடியது தண்ணீர். சிறுநீர் ஏறக்குறைய நின்றுவிட்டதால், குடித்த தண்ணீர் வெளியேற வழியில்லை. உடம்பில் தங்கி நுரையீரலுக்கு ஏறும். ஒரு நாள் முழுவதற்கும் ஒரு சின்ன பாட்டில்தான். ரசம், காபி, மாத்திரை விழுங்கும் மடக்கு எல்லாம் அதற்குள் அடக்கம். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா என்று விடிந்ததும் முதலில் போய்ப் பார்க்கிற மனிதர் அவர். சித்திரை வெயிலில் வாயைக் கொப்பளித்துத் துப்புவார். துப்பும்போது தொண்டை தானாக ஒரு முறை விழுங்கப் பார்க்கும். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அவர் எதிரே தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். குடத்தைக் கொல்லைப்பக்கம் வைத்தேன். அங்கே நின்று, சத்தம் வராமல், டம்ளர் டம்ளராகக் குடிப்பேன். அஞ்சலகத்தில் போய்க் குடிப்பேன். அங்கே என் பாட்டில் காலியாகிக்கொண்டே இருந்தது. அவர் முன்னால் அடக்கி வைத்த தாகம் தனியாக இருக்கும்போது சேர்ந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். நான் இளைத்ததற்கும் அலைச்சல்தான் காரணம் என்று ஊரே சொன்னது.

மாற்றுச் சிறுநீரகம் வைத்தால் இந்த இயந்திரத்திலிருந்து விடுதலை உண்டு என்றார் டாக்டர். சென்னையில் இருக்கும் மகள் தான் தருகிறேன் என்றாள். கைக்குழந்தைக்காரியிடம் வாங்கி நான் பிழைக்க மாட்டேன் என்று இவர் ஒரே பிடியாக நின்றார். மிச்சம் நான்தான். ரத்த வகை பொருந்தியது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது. இந்த உடம்பு ஒன்றுக்கு உதவப் போகிறது என்று பஸ்ஸில் வரும்போது இடுப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். கொடுப்பவருக்கான மற்ற பரிசோதனைகளுக்கும் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம்.

முடிவு வாங்கப் போன நாள் இவர் இயந்திரத்தில் இருந்தார். நான் மட்டும் டாக்டர் அறைக்குப் போனேன். அவர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, உங்களுக்குச் சர்க்கரை எத்தனை வருஷமாக இருக்கிறது என்று கேட்டார். எனக்கு இல்லை, அவருக்குத்தான் என்றேன். பெயர் மாறிப் பார்க்கிறார் என்றே நினைத்தேன்.

"உங்களுக்குத்தாம்மா. நல்லாவே ஏறியிருக்கு. சமீபத்துல வந்தது மாதிரி தெரியல. உங்க கிட்னிய நீங்கதான் இனிமே காப்பாத்தணும். அத எடுக்க நாங்க சம்மதிக்க மாட்டோம்."

அதிகத் தாகம் இருந்ததா, உடம்பு இளைத்ததா என்று கேட்டார். வெயில் டாக்டர் என்று சொல்ல வாயெடுத்தேன். கொல்லைப்பக்கக் குடம் நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டில் பல வருஷம் இருந்த வியாதிக்குத் தினம் சமைத்து, தினம் சண்டை போட்டு, மாத்திரை பெயரெல்லாம் மனப்பாடம் செய்த நான், என் விரலில் ஒரு முறை குத்திப் பார்த்ததில்லை. அவருக்காகத்தான் ஒளிந்து குடிக்கிறேன் என்று நினைத்ததால், அது யாருடைய தாகம் என்று எனக்கே தெரியாமல் போயிற்று.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் அவரை உட்காரவைத்து, இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகு சொன்னேன். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். சிறுநீரகம் கிடைக்காது என்பதற்காகக் கலங்குகிறார் என்று நினைத்தேன்.

"நீ கொல்லைல ஒளிஞ்சு குடிக்கிறது எனக்குத் தெரியும். எனக்காகன்னு நெனச்சு பேசாம இருந்துட்டேன். சக்கரைத் தாகம் எப்படி இருக்கும்னு அனுபவிச்சவன் நான். எனக்கே தெரியாமப் போச்சு பாரு."

நான் பஸ்ஸில் அழுதேன். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டார்.

இறந்தவர்கள் தானம் செய்யும் உறுப்புக்கான வரிசையில் அவர் பெயரைப் பதிந்திருக்கிறோம். எப்போது வரும், வருமா, யாருக்கும் தெரியாது. நான் மாத்திரை போடுகிறேன். சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்த்துவிட்டேன், லேசாகப் போகிறது. உங்கள் வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை இருந்தால், பக்கத்தில் படுப்பவரும் ரத்தம் கொடுத்துப் பாருங்கள். இதைச் சொல்வதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன்.

என் உடம்பை முன்பெல்லாம் ஒரு வேலைக்காரியாகத்தான் வைத்திருந்தேன். கூப்பிட்டால் வரும், சொன்னதைச் செய்யும். இப்போது அதை நம்புவதில்லை. கால் மரத்துப்போனால் உற்றுப் பார்க்கிறேன். கழிவறையில் தண்ணீர் ஊற்றிவிட்டு நின்று பார்க்கிறேன். அவருடைய நாட்களை நான் பின்னால் நடந்து கடக்கப் போகிறேனோ என்ற பயம் உட்கார்ந்த இடத்தில் வந்து நிற்கிறது.

கொல்லையிலிருந்த குடத்தை அவரே உள்ளே தூக்கிவந்து கூடத்தில் வைத்தார். இனிமேல் என் முன்னால்தான் குடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். எவ்வளவு குடிக்கிறேன் என்று பார்த்தால்தான் எனக்குச் சர்க்கரை ஏறுகிறதா, இறங்குகிறதா என்று அவருக்குத் தெரியுமாம். நான் எதிரே உட்கார்ந்து குடிக்கிறேன். தன் சின்ன பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, டம்ளர் காலியாகும்வரை அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். பிறகு, இன்னும் தாகமாக இருக்கிறதா என்று கேட்கிறார். இருந்தால், இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.